வீடு மாறிக்கொண்டே இருக்கும் போட்டி

2014ஆம் ஆண்டு தீபாவளி புதன்கிழமை வந்தது. அக்டோபர் 22. சிங்கப்பூரில் பொது விடுமுறை. விடிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, சாமி கும்பிட்டு, இட்லியும் கறிக்குழம்பும் சாப்பிட்டு முடித்ததும் நானும் என் மகளும் கிளம்பிவிட்டோம். அவளுக்கு அப்போது பத்து வயது. பாவாடை சட்டையை மாற்றமாட்டேன் என்று அடம்பிடித்து அதோடுதான் வந்தாள். "நல்ல நாளும் அதுவுமா பந்து விளையாட்டு பாக்கப் போறீங்களா?" என்றார் என் மாமியார். பிறகு அவரே ஒரு டப்பாவில் முறுக்கைப் போட்டுக் கையில் கொடுத்தார்.

கல்லாங் உள்ளரங்கில் அந்த வாரம் பெண்கள் டென்னிஸின் ஆண்டிறுதிப் போட்டி நடந்துகொண்டிருந்தது. வருடம் முழுக்கச் சேர்த்த புள்ளிகளின்படி முதல் எட்டு வீராங்கனைகளும் முதல் எட்டு இரட்டையர் இணைகளும் மட்டும் ஆடும் போட்டி அது. ஆசியா பசிபிக் வட்டாரத்தில் இது முதல் முறை. எங்களுக்குக் கிடைத்தது மேல்வரிசை. அங்கிருந்து பார்த்தால் ஊதா நிறத் தளம் கோலம்போடத் துடைத்துவைத்த வாசல் மாதிரி இருந்தது. தொலைக்காட்சியில் வராத ஒன்று அந்தச் சத்தம். கூரை போட்ட அரங்கில் பந்து மட்டையில் படும் ஓசை நெஞ்சுக்கூட்டில் வந்து தட்டுகிறது.

அன்று செரினா வில்லியம்ஸ் 0-6, 2-6 என்று சிமோனா ஹாலெப்பிடம் தோற்றார். குறைந்தது ஆறு கேம் எடுத்தால் ஒரு செட், இரண்டு செட் எடுத்தால் ஆட்டம். உலகின் முதல்நிலை வீராங்கனை மொத்தமே இரண்டு கேம்தான் எடுத்தார். 1998க்குப் பிறகு அவர் இப்படி ஒரு தோல்வியைக் கண்டதில்லை. என் மகள் முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்க மறந்து உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வரும் வழியில் ரயிலில் கேட்டாள்: "இந்தப் போட்டி அடுத்த வருஷமும் நம்ம ஊருலதான் நடக்குமா?"

ஐந்து வருடம் இங்கேதான் என்றேன். அப்போதைய ஒப்பந்தம் அது. அதற்குப் பிறகு என்று அவள் கேட்ட கேள்விதான் இந்தப் போட்டியின் வரலாற்றைத் தேடிப் படிக்கவைத்தது.

தொடக்கம் ஒரு டாலரில் இருக்கிறது. 1970இல் லாஸ் ஏஞ்சலிஸில் நடக்கவிருந்த பசிபிக் சவுத்வெஸ்ட் போட்டியில் ஆண் வெற்றியாளருக்கு 12,500 டாலர், பெண் வெற்றியாளருக்கு 1,500 டாலர் என்று அறிவித்தார்கள். காலிறுதிக்கு முன்பே தோற்கும் பெண்களுக்கு ஒன்றுமில்லை. விமானக் கட்டணம்கூடக் கைக்காசுதான். வீராங்கனைகள் பில்லி ஜீன் கிங்கும் ரோஸி கசால்ஸும் இதை எடுத்துக்கொண்டு போன இடம் கிளாடிஸ் ஹெல்ட்மன். 'வேர்ல்டு டென்னிஸ்' என்ற பத்திரிகையை நடத்திவந்தவர். லாஸ் ஏஞ்சலிஸ் போட்டியை நடத்திய ஜாக் கிரேமரோடு பேரம் பேசிப் பார்த்தார், நடக்கவில்லை. சரி, நாமே ஒரு போட்டி நடத்துவோம் என்று ஹூஸ்டன் நகரில் ஏற்பாடு செய்தார். அமெரிக்க டென்னிஸ் சங்கம் அதில் ஆடினால் தடை என்று மிரட்டியது. 1970 செப்டம்பர் 23 அன்று ஒன்பது பேர் ஒரு டாலருக்கு ஹெல்ட்மனோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். டாலர் தாளை உயர்த்திப் பிடித்தபடி அவர்கள் நிற்கும் புகைப்படம் இன்றும் கிடைக்கிறது. எல்லோரும் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால், அதில் பயமும் கலந்திருப்பதாக எனக்குத் தோன்றும். விம்பிள்டன் போன்ற கிராண்ட்ஸ்லாம் போட்டிகளில் இனி ஆடவே முடியாமல் போகலாம் என்று தெரிந்துதான் கையெழுத்துப் போட்டார்கள். ஜூடி டால்டனும் கெர்ரி மெல்வில்லும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவர்கள். ஊர் திரும்பினால் அங்கேயும் நடவடிக்கை காத்திருந்தது.

அந்த ஹூஸ்டன் போட்டியில் ரோஸி கசால்ஸ் ஜூடி டால்டனை 5-7, 6-1, 7-5 என்று வென்றார். பரிசு 1,600 டாலர். லாஸ் ஏஞ்சலிஸில் கொடுக்கவிருந்ததைவிட நூறு டாலர் கூடுதல்.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஹெல்ட்மனின் நண்பர் ஜோ கல்மன், பிலிப் மோரிஸ் சிகரெட் நிறுவனத்தின் தலைவர். பெண்களுக்கென்றே 'வர்ஜீனியா ஸ்லிம்ஸ்' என்ற மெல்லிய சிகரெட்டை அந்த நிறுவனம் விற்றுக்கொண்டிருந்தது. 1971 ஜனவரி முதல் அமெரிக்கத் தொலைக்காட்சியிலும் வானொலியிலும் சிகரெட் விளம்பரம் தடைசெய்யப்பட்டது. விளம்பரத்துக்கு ஒதுக்கிய பணத்துக்கு வேறு வழி தேவைப்பட்டது, பெண்கள் டென்னிஸுக்குப் பணம் தேவைப்பட்டது. இரண்டும் சேர்ந்துகொண்டன. 1971இல் வர்ஜீனியா ஸ்லிம்ஸ் பெயரில் ஒரு முழுச் சுற்றே நடந்தது. அந்த ஒரே வருடத்தில் பில்லி ஜீன் கிங் ஒரு லட்சம் டாலருக்கு மேல் சம்பாதித்தார். அதற்கு முன் எந்த விளையாட்டு வீராங்கனையும் எட்டாத தொகை.

என் பெரியப்பா புகைபிடித்தே நுரையீரல் கெட்டுப்போய் இறந்தவர். கடைசி மூன்று மாதம் அவர் மூச்சுக்குத் திணறியதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். அதனால் இந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குள் ஏதோ நெருடும். ஆனால் அந்த ஒன்பது பேரைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. போட்டி நடத்தியவர் கதவைச் சாத்தினார், தேசியச் சங்கம் தடை போட்டது, வந்து உதவியது ஒரே ஒரு கை. வேறு கை நீளாததற்கான பொறுப்பு நீட்டாதவர்களுடையது.

அந்தச் சுற்றின் சிகரமாக 1972இல் ஃப்ளோரிடாவின் போகா ரட்டோனில் வைத்த வருடாந்திரப் போட்டிதான் நான் சொல்லிவரும் போட்டி. மொத்தப் பரிசு ஒரு லட்சம் டாலர். வென்றவர் 17 வயது கிறிஸ் எவர்ட். முதல் பரிசு 25,000 டாலர், ஆனால் அவர் அப்போது இன்னும் தொழில்முறை ஆட்டக்காரர் ஆகவில்லை. ஒரு காசுகூட வாங்க முடியாது. பணத்துக்காகவே பிறந்த போட்டியின் முதல் வெற்றியாளர் வெறுங்கையோடு வீடு திரும்பினார். அந்த டிசம்பரில் பதினெட்டாவது பிறந்தநாள் வந்ததும் தொழில்முறைக்கு மாறினார்.

போகா ரட்டோனில் இரண்டு வருடம், பிறகு லாஸ் ஏஞ்சலிஸ், நியூயார்க், ஓக்லாந்து என்று சுற்றி, 1979இல் மறுபடி நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்குக்கு வந்தது. வந்து 2000 வரை அங்கேயே இருந்தது. இந்தப் போட்டிக்குச் சொந்த வீடு என்று ஒன்று இருந்த காலம் அதுதான். விளம்பரதாரர் பெயர் ஏவன் என்று மாறியது, திரும்ப வர்ஜீனியா ஸ்லிம்ஸ் ஆனது, 1995லிருந்து வேறு நிறுவனங்கள் வந்தன. அரங்கு மாறவில்லை. டென்னிஸ் பார்க்கிற நியூயார்க்காரர்களுக்கு இந்த வாரம் வருடா வருடம் வரும் திருவிழா. மார்ட்டினா நவ்ரதிலோவா மொத்தம் எட்டு முறை ஒற்றையர் பட்டம் வென்றார். அதில் இரண்டு ஒரே வருடத்தில், 1986இல். மார்ச்சில் நடந்துவந்த போட்டியை நவம்பருக்கு மாற்றியதால் அந்த வருடம் இரண்டு முறை நடத்தினார்கள், இரண்டையும் அவரே எடுத்தார். 1994இல் அதே அரங்கில் கேப்ரியேலா சபாடினியிடம் முதல் சுற்றிலேயே தோற்று அவர் விடைபெற்றபோது, அவர் பெயர் எழுதிய பதாகையைக் கூரைக்கு ஏற்றினார்கள். கூரையில் ஒருவர் பெயரைத் தொங்கவிட வேண்டுமென்றால் முதலில் அந்தக் கூரை உங்களுடையதாக இருக்க வேண்டும்.

1984லிருந்து 1998 வரை இந்தப் போட்டியின் இறுதி ஆட்டம் மட்டும் ஐந்து செட். அதாவது மூன்று செட் வென்றால்தான் பட்டம். பெண்களால் ஐந்து செட் ஆட முடியாது என்று சொல்பவர்களிடம் நான் எப்போதும் 1990 இறுதியைச் சொல்வேன். நவம்பர் 18. ஒரு பக்கம் மோனிகா செலஸ், 16 வயது, இரண்டு கையாலும் மட்டையைப் பிடித்து எல்லாப் பந்தையும் கோட்டை நோக்கி அறைபவர். இன்னொரு பக்கம் சபாடினி, அந்த வருட அமெரிக்க ஓபன் பட்டத்தோடு வந்தவர், பந்துக்கு மேல்சுழற்சி கொடுத்து உயரமாக எழும்பவைத்து எதிராளியைப் பின்னுக்குத் தள்ளுபவர். முதல் செட் செலஸுக்கு 6-4. அடுத்த இரண்டும் சபாடினிக்கு, 7-5, 6-3. சாதாரணப் போட்டியாக இருந்தால் அங்கேயே கைகுலுக்கி முடிந்திருக்கும், கோப்பை சபாடினியின் கையில் இருந்திருக்கும். இங்கே முடியவில்லை. நான்காவது செட் செலஸுக்கு 6-4. ஐந்தாவதும் அவருக்கே 6-2. மூன்று மணி 47 நிமிடம். 1901இல் அமெரிக்க தேசியப் போட்டியில் பெண்கள் ஐந்து செட் ஆடியதற்குப் பிறகு, 89 வருடம் கழித்து நடந்த முதல் ஐந்து செட் ஆட்டம் இது.

இதன் பதிவை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். படம் மங்கல். நான்காவது செட்டின் நடுவில் சபாடினியின் கால் எடுத்துவைக்கும் வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவது அதிலும் தெரியும். பந்து வரும் இடத்துக்கு அரை அடி தாமதமாகப் போகிறார். செலஸ் அதைக் கவனித்துவிட்டார் என்பதும் தெரியும். முன்பு நடுவில் அடித்த பந்துகளை இப்போது மூலைக்கு மூலை அடிக்கிறார். மூன்று செட்டில் இந்தப் பாடம் வெளியே வராது. உடம்பு களைத்த பிறகு மனசும் கண்ணும் என்ன செய்கின்றன என்பது அதற்குப் பிறகுதான் தெரிகிறது. 1996இல் 16 வயது மார்ட்டினா ஹிங்கிஸ் ஸ்டெஃபி கிராஃபை ஐந்தாவது செட் வரை இழுத்துவந்து, தசைப்பிடிப்பால் நிற்க முடியாமல் 0-6 என்று அதை இழந்ததும் இதே தளத்தில்தான். 1999இல் மறுபடி மூன்று செட்டுக்கு மாற்றிவிட்டார்கள். அதை நான் பெரிய இழப்பாகவே நினைக்கிறேன். வருடத்தில் ஒரே ஒரு ஆட்டம், அதையாவது விட்டுவைத்திருக்கலாம்.

2001இல் நியூயார்க்கை விட்டு மியூனிக் போனது. அரங்கில் இருக்கைகள் காலி, லிண்ட்சே டேவன்போர்ட்டுக்கு முழங்காலில் காயம், இறுதி ஆட்டமே நடக்கவில்லை. செரினா ஆடாமலே கோப்பை வாங்கினார். ஒரே வருடத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு லாஸ் ஏஞ்சலிஸ். பிறகு மட்ரீட், தோஹா, இஸ்தான்புல். இவற்றில் இஸ்தான்புல்லைத்தான் எனக்குப் பிடிக்கும். கூட்டம் உண்மையாகவே வந்தது, அதுவும் சொந்த நாட்டு வீராங்கனை ஒருவர்கூட ஆடாத போட்டிக்கு. மூன்று வருடத்தில் அதையும் விட்டுவிட்டு 2014இல் எங்கள் ஊருக்கு வந்தது. மொத்தப் பரிசு 65 லட்சம் டாலர்.

சிங்கப்பூர் போட்டியின் உச்சம் என்று நான் சொல்வது, தீபாவளிக்கு இரண்டு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை நடந்த ஒரு செட்டை. எட்டுப் பேரையும் நான்கு நான்காகப் பிரித்து, குழுவுக்குள் எல்லோரும் எல்லோரோடும் ஆடி, முதல் இரண்டு பேர் அரையிறுதிக்குப் போவது முறை. ஹாலெப் ஏற்கெனவே தேறிவிட்டார். கடைசி ஆட்டம் அனா இவானோவிச்சோடு. இவானோவிச் நேர் செட்டில் வென்றால் செரினா வெளியே. ஹாலெப் ஒரே ஒரு செட் எடுத்தாலும் செரினா உள்ளே. எந்த வீராங்கனையும் செரினாவை இறுதியில் இன்னொரு முறை சந்திக்க விரும்பமாட்டார். புதன்கிழமை அவரை அப்படி அடித்துவிட்ட பிறகு நிச்சயமாக விரும்பமாட்டார். முதல் செட்டை ஹாலெப் டை-பிரேக்கில், அதாவது 6-6 என்று சமமானால் முடிவுசெய்ய ஆடும் கூடுதல் கேமில், இழந்தார். இனி ஒரு செட்டைக் கொஞ்சம் தளர்த்தி ஆடினால் போதும், யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க முடியாது. அவர் அந்த இரண்டாவது செட்டை 6-3 என்று வென்றார். மூன்றாவதைத் தோற்று, ஆட்டத்தையும் தோற்றார். அந்த ஒரு செட்டால் உயிர்பிழைத்த செரினா, அரையிறுதியில் கரோலின் வோஸ்னியாக்கியை மூன்றாவது செட் டை-பிரேக்கில் தாண்டி, ஞாயிற்றுக்கிழமை இறுதியில் ஹாலெப்பை 6-3, 6-0 என்று முடித்தார்.

"அவங்க வெள்ளிக்கிழமை அந்த செட்டையும் தோத்திருந்தா இன்னைக்கு ஜெயிச்சிருப்பாங்கல்லப்பா?" என்றாள் மகள். ஆமாம் என்றேன். "ஆனா அது அவங்களுக்குத் தெரியும்தானே?" தெரியும் என்றேன். வீடு வரும்வரை அவள் வேறெதுவும் பேசவில்லை.

அதே வாரம் இரட்டையர் இறுதியில் நம் சானியா மிர்சாவும் ஜிம்பாப்வேயின் காரா பிளாக்கும் 6-1, 6-0 என்று வென்றார்கள். இந்தியக் கொடியைப் போர்த்திக்கொண்டு வந்திருந்தவர்கள் தொண்டை வற்றக் கத்தினார்கள், நானும் கத்தினேன். அடுத்த வருடம் சானியா ஹிங்கிஸோடு சேர்ந்து மறுபடி வென்றார். ஆனால் 2014 இறுதியை நினைக்கும்போது இப்போது என் கண் வலையின் அந்தப் பக்கம் போகிறது. தோற்ற இணை தைவானின் ஷே சு-வெய், சீனாவின் பெங் ஷுவாய். முந்தைய வருடம் இஸ்தான்புல்லில் பட்டம் வென்ற இணை அது.

2018 ஜனவரியில், சிங்கப்பூருக்குப் பிறகு பத்து வருடத்துக்குச் சீனாவின் ஷென்ஜென் நகரம் என்று அறிவித்தார்கள். மொத்தப் பரிசு ஒரே அடியாக 1 கோடியே 40 லட்சம் டாலர். 2019இல் அங்கே வென்ற ஆஷ்லி பார்ட்டிக்குக் கிடைத்தது 44 லட்சத்து 20 ஆயிரம் டாலர். ஆண், பெண் யாருக்குமே அதுவரை டென்னிஸில் ஒரே போட்டியில் அவ்வளவு கிடைத்ததில்லை. அடுத்த வருடம் கொரோனா. 2021 நவம்பரில் பெங் ஷுவாய், முன்னாள் துணைப் பிரதமர் ஒருவர் தன்னைப் பாலுறவுக்குக் கட்டாயப்படுத்தியதாகச் சமூக ஊடகத்தில் எழுதினார். பதிவு அரை மணி நேரத்துக்குள் காணாமல்போனது. பிறகு சில வாரங்கள் அவரே பொதுவெளியில் தென்படவில்லை. டிசம்பர் 1 அன்று பெண்கள் டென்னிஸ் சங்கம் சீனாவில் எல்லாப் போட்டிகளையும் நிறுத்திவைத்தது. பெரும் பணத்தைத் தூக்கிப்போட்டு, சொந்த உறுப்பினர் ஒருவருக்காக நின்றது. அன்று இரவு நான் உண்மையாகவே பெருமைப்பட்டேன், ஹூஸ்டன் புகைப்படத்தை மகளுக்கு எடுத்துக் காட்டினேன்.

பதினாறு மாதம் நின்றது. 2023 ஏப்ரலில் திரும்பப்போவதாக அறிவித்தார்கள். கேட்டது இரண்டு: பெங் ஷுவாயைத் தனியாகச் சந்திக்க வேண்டும், வெளிப்படையான விசாரணை வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. கையில் காசில்லாத சங்கத்தால் எவ்வளவு நாள் தாக்குப்பிடிக்க முடியும் என்று வாதிடுவார்கள். வாதம் புரிகிறது, வலி குறையவில்லை.

அந்த இடைக்காலத்தில் இந்தப் போட்டி பட்ட பாடு கொஞ்சமல்ல. 2021இல் மெக்சிகோவின் குவாதலஹாரா. 2022இல் டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த், பரிசு 50 லட்சம் டாலருக்கு இறங்கியிருந்தது, பாதி அரங்கு காலி. 2023இல் கான்குன். நடத்த இரண்டு மாதம்கூட இல்லாத நிலையில் இடம் அறிவித்து, கடலோர ஹோட்டல் ஒன்றின் இடத்தில் தற்காலிக அரங்கு எழுப்பினார்கள். முதல் ஆட்டத்துக்கு முந்தைய நாள்தான் அந்தத் தளத்தில் பயிற்சிக்கே வழி கிடைத்தது. மழையும் காற்றும் விடவில்லை, பந்து எழும்பும் விதம் சரியில்லை என்று அரினா சபலென்கா வெளிப்படையாகவே சொன்னார். இறுதி ஆட்டம் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போனது. இகா ஷ்வியான்டெக் ஜெசிக்கா பெகுலாவை 6-1, 6-0 என்று வென்றார். உலகின் முதல் எட்டுப் பேரை ஒன்றுகூட்டி, குடை பிடிக்கவைத்தார்கள்.

இப்போது சவுதி அரேபியாவின் ரியாத். 2024லிருந்து. மொத்தப் பரிசு 1 கோடியே 52 லட்சம் டாலருக்கு மேல். பெண்களின் உரிமையை மதிக்காத இடத்துக்கு எங்கள் உழைப்பைக் கொண்டுபோகாதீர்கள் என்று எவர்ட்டும் நவ்ரதிலோவாவும் சேர்ந்து பத்திரிகையில் எழுதினார்கள். பில்லி ஜீன் கிங்கோ, போய்ப் பேசிப் பழகினால்தான் மாற்றம் வரும் என்ற பக்கம் நின்றார். இந்தப் போட்டியை உருவாக்கி வளர்த்த மூன்று பேரும் இரண்டு பக்கமாகப் பிரிந்ததைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. நான் எவர்ட், நவ்ரதிலோவா பக்கம். ஆட்டம் மோசம் என்று மட்டும் சொல்லமாட்டேன். 2024 இறுதியில் கோகோ காஃப், ஜெங் சின்வென்னிடம் முதல் செட்டை இழந்து, கடைசி செட் டை-பிரேக்கில் வென்றது அற்புதம். 2025இல் எலினா ரிபாகினா ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் வந்து, சபலென்காவை 6-3 என்றும் ஒரு புள்ளிகூடக் கொடுக்காத டை-பிரேக்காலும் முடித்து 52 லட்சத்து 35 ஆயிரம் டாலர் வாங்கினார். அந்தப் பணம் முழுக்க அவர்களுக்குச் சேர வேண்டியதுதான். அதே தளத்தில் நான்காவது செட்டும் ஐந்தாவது செட்டும் பார்த்து வளர்ந்த ஓர் ஊர்க்கூட்டமும் அவர்களுக்குச் சேர வேண்டியதுதான் என்பதே என் ஆதங்கம்.

2018 அக்டோபர் கடைசி ஞாயிறு, சிங்கப்பூரில் இந்தப் போட்டியின் கடைசி நாள். எலினா ஸ்விட்டோலினா வென்றார். மறுவாரம் வேலை முடிந்து அந்த வழியாக வந்தபோது, மகளின் வற்புறுத்தலில் ஸ்டேடியம் நிலையத்தில் இறங்கினோம். அரங்கின் முகப்பில் வீராங்கனைகளின் பெரிய படங்கள் இருந்த இடத்தில் இரண்டு தொழிலாளிகள் ஏணிமேல் நின்று ஏதோ கச்சேரிக்கான பதாகையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கழற்றிய பழைய துணி கீழே சுருட்டிக் கிடந்தது. மகள் குனிந்து அதன் ஓரத்தைப் பிரித்துப் பார்த்தாள். யாரோ ஒருவருடைய சர்வ் போடும் கை மட்டும் தெரிந்தது. மேலேயிருந்தவர் தமிழர்தான். "வேணும்னா எடுத்துக்கம்மா, தூக்கித்தான் போடப்போறோம்" என்றார். ஆளுயரத்துக்கும் அதிகமான துணி. ரயிலில் அதை நானும் அவளுமாக ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு வந்தோம்.